நூற்று எழுபத்தொன்றாவது சுற்று

என் அக்காவின் கணவருடைய மண்டையை உடைத்தவன் நான்.

பெட்டி விழுந்து உடையவில்லை. மரக்கொப்பு முறிந்து உடையவில்லை. காமன் தண்டிக்கவுமில்லை. நான்தான் அடித்தேன். இந்த வலது கையால், ஒரு அலுமினியக் குழாயால், மூன்று முறை.

முதல் அடி யாரென்று தெரியாமல் விழுந்தது. அதற்கு மட்டும் என்னிடம் ஒரு சாக்கு உண்டு. மற்ற இரண்டும்... அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த பிறகு விழுந்தவை.

வாசிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிச்சல், ஐந்து மாசி மாதங்கள் கடந்தும் எனக்கு வரவில்லை. இதைச் சொல்வதால் நான் நல்லவனாகிவிடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற தைரியத்தில்தான் வாயைத் திறக்கிறேன். இதுவும் கோழைத்தனம்தான்!

நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கிறவன். பிறந்தது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். தாய் தகப்பன் முந்திப் போய்விட்டார்கள். அக்கா தெய்வானை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். அவள் மலைக்குப் போனதால் நான் பள்ளிக்கூடம் போனேன். அவளுடைய கணவர் முத்தையா. நான் அவரை மச்சான் என்று அழைப்பேன். வயதில் மூத்தவராக இருந்தும், நான் படித்தவன் என்பதற்காக என்னிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு முழுதாக விளங்காது.

தொலைவில் இருக்கும் கருந்துளைகளைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவிலிருந்து காமாக் கதிர்கள் கிளம்பி வருகின்றன. ஒளியின் உறவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வரும்போது அவை அதிர்ந்துகொண்டு வரும். எந்தப் பக்கமாக அதிர்கின்றன என்று கண்டுபிடித்தால், அவை புறப்பட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாம். அந்த ஒருபக்க அதிர்வுக்கு முனைவாக்கம் என்று பெயர். பூமியின் காற்று இந்தக் கதிர்களை விழுங்கிவிடும். ஆகவே கருவியைப் பெட்டியில் வைத்துப் பலூனில் கட்டி, காற்று மெலிந்து தீரும் உயரத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் பலூன் வெடிக்கும்; பெட்டி பரசூட்டில் இறங்கும். அது எந்தக் காட்டில் இறங்கினாலும் ஓடிப்போய் எடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் கண்ணாடி போன்ற படிகங்கள் வரிசையாக நிற்கும். கதிர் ஒரு படிகத்தில் மோதி, பக்கத்துப் படிகத்துக்குத் தெறிக்கும். எந்தத் திசையில் அதிகம் தெறிக்கிறது என்று எண்ணுவதே எங்கள் வேலை. ஆனால் ஒரு படிகம் சற்று மந்தமாக இருந்தாலும் போதும், வானத்தில் இல்லாத ஒரு சாய்வைக் கருவி காட்டிவிடும். அந்தப் பொய்யைப் பிடிக்க ஒரே வழி, கருவியைச் சுழற்றிக்கொண்டே இருப்பது. எங்கள் பெட்டிக்குள் இருந்த மோட்டார், நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று அதைச் சுழற்றியது.

அது என்னுடைய மூன்றாவது பெட்டி. முதலாவது நீர்த்தேக்கத்தில் விழுந்து அமிழ்ந்தது. இரண்டாவதை வேறொரு தோட்டத்தில் யாரோ கல்லால் உடைத்துத் திறந்திருந்தார்கள்; படிகங்கள் வாய்க்காலில் சில்லுச் சில்லாகக் கிடந்தன. அன்றைக்கு அந்த வாய்க்காலில் நின்று நான் என் கையை நானே கடித்துக்கொண்டேன். பல் தடம் ஒரு வாரம் இருந்தது. மூன்றாவதும் போனால், வெளிநாட்டுக் குழு ஒன்று அனுப்பவிருந்த பெரிய பலூனில் எனக்கு இடம் கிடையாது என்று கடிதம் வந்திருந்தது.

அந்த வெறி எனக்குள் ஏற்கெனவே இருந்தது. மச்சான் அதற்குக் காரணமில்லை. அவர் வழியில் வந்தார், அவ்வளவுதான்.

பெட்டி அக்காவின் தோட்டத்துப் பக்கம் இறங்கலாம் என்று கணினி சொன்னது. ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே அங்கே போனேன். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் பேசினேன். வானத்திலிருந்து ஒரு பெட்டி விழலாம், திறக்க வேண்டாம், எனக்குச் சொல்லியனுப்புங்கள், அது காமாக் கதிரை அளக்கிற பெட்டி என்றேன்.

கூடையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்.

“காமாங்கிறீங்களே தம்பி, நம்ம காமனா?”

கூட்டம் சிரித்தது. அது மாசி மாதம். தோட்டத்தில் காமன் ஊன்றியிருந்தார்கள். சிவனின் தவத்தைக் கலைத்ததற்காக எரிக்கப்பட்ட மன்மதனின் கதையை ஆண்டுதோறும் கூத்தாக ஆடும் நாட்கள் அவை. நானும் சிரித்தேன். அவர்களுக்கு எளிதாக மனதில் நிற்குமே என்று கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னேன்.

“ஆமா, காமன் பெட்டின்னே வச்சுக்கங்க.”

அந்த ஒரு வார்த்தை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்கு அப்போது தெரியுமா? தெரியாது. ஆனால் அறிவாளி என்று பெயர் வாங்கியவன் யோசித்திருக்க வேண்டாமா?

மச்சான் அந்த வருடம் கூத்தில் வீரபத்திரன் வேடம் கட்டுவதாக இருந்தது. பதினாறு வருடமாக அவர்தான் கட்டினார். வீரபத்திரன் ஆவேசத்தோடு வரும்போது நான்கு பேர் கயிறு போட்டுப் பிடிப்பார்கள்; அப்படியும் இழுத்துக்கொண்டு போவார். அதற்காக மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் மாமிசம் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, மனைவியோடு சேரக்கூடாது. சுத்தம் கெட்டால் காமன் குத்தம் வரும்.

அன்று அக்கா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் காப்புக் கட்டிய காலத்தில் தனக்கென்று வைத்திருந்த தட்டோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

“அதென்னங்க தம்பி, பெட்டி சுத்துதுன்னீங்களே, ஏன் சுத்தணும்?” என்று கேட்டார்.

நான் ரொட்டிக் கல்லைக் காட்டினேன்.

“ரொட்டி ஒரு பக்கம் கருகுதுன்னு வைங்க மச்சான். குத்தம் கல்லு மேலயா, மாவு மேலயா? ரொட்டிய சுத்திச் சுத்திப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். அதே மாதிரிதான் பெட்டியும். நிக்காம சுத்தணும். நின்னுடுச்சுன்னா எல்லாம் பொய்யாப் போயிரும்.”

“நிக்கக் கூடாது,” என்று அவர் தலையாட்டினார். “எவ்வளவு நேரத்துக்கு ஒரு சுத்துங்க?”

“அறுபது எண்ணினா ஒரு சுத்து.”

அவர் உதடு அசைய எண்ணிப் பார்த்தார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன் என்று எழுதக் கை வருகிறது... இல்லை, அதற்குப் பிறகும் அக்கா எப்போதாவது சிரித்திருக்கிறாள். பொய் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டு, மிகைப்படுத்தவும் கூடாது.

இரண்டு நாள் கழித்து, தலவாக்கலைப் பக்கமிருந்து காலையில் பலூனை விட்டோம். என் ஆய்வு மாணவி துஷாரியும் நானும் வேனில் பின்தொடர்ந்தோம். பலூன் மேலே ஏறிற்று, மிதந்தது, வெடித்தது. அதோடு சமிக்ஞை அறுந்துவிட்டது. பெட்டி எப்போது இறங்கியது, எங்கே இறங்கியது, எதுவுமே தெரியவில்லை. வளைந்து வளைந்து போகும் பஸ் சாலைகளில், கையில் அன்டெனாவைத் திருப்பித் திருப்பி, நான்கு மணிநேரம் அலைந்தோம். நான் துஷாரியைக் காரணமில்லாமல் திட்டினேன். டிரைவரைத் திட்டினேன். வேனின் கதவைக் காலால் உதைத்து நசுக்கினேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அன்டெனாவில் ஒரு சின்ன முனகல் கேட்டது. அக்காவின் தோட்டம், ஏழாம் நம்பர் மலை. அன்று அங்கே கொழுந்து எடுக்கவில்லை, ஆளில்லை. துஷாரியைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு ஊடாக நான் ஓடினேன். செடிகள் காலைக் கிழித்தன. அன்டெனாவின் தலைப்பகுதி ஒரு செடியில் சிக்கிக் கழன்றது. கையில் குழாய் மட்டும் மிஞ்சியது.

உச்சியில் ஒரு யூகலிப்டஸ் மரம். அதனடியில் ஒரு மனிதன் எனக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தான். வெயிலுக்குத் தலையில் சாக்கை முக்காடு போட்டிருந்தான். அவன் முன்னால் என் பெட்டி. அவனுடைய இரண்டு கைகளும் அதன்மேல் இருந்தன. முழங்கைகள் அசைந்தன. திருகுகிறான்... மூடியைத் திருகிக் கழற்றுகிறான்!

“தோட்டக்காட்டு நாயே” என்று கத்திக்கொண்டு அடித்தேன்.

தோட்டத்து மக்களை இழிவுபடுத்தும் அந்த வார்த்தை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பல்கலைக்கழக விடுதியில் முதல் வருடம் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்காக ஒருவனின் சட்டையைப் பிடித்து மூக்கை உடைத்திருக்கிறேன். அதே வார்த்தை, என் நாக்கின் அடியில் இத்தனை காலமும் எங்கே படுத்திருந்தது? எனக்கு எதிராக வந்த கல்லை நான் ஏன் எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்தேன்?

முதல் அடி தோளில் விழுந்தது. சாக்கு நழுவியது. அவர் திரும்பினார். மச்சான்.

என்னைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. வலியைக்கூட இன்னும் அது உணர்ந்திருக்கவில்லை.

“தம்பி... நீங்க சொன்னாப்புல நிக்கவிடாம சுத்திக்கிட்டேதாங்க இருக்கேன்.”

கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. முகமும் தெரிந்தது, குரலும் தெரிந்தது, அக்காவின் கணவர் என்பதும் தெரிந்தது. என் கை மீண்டும் உயர்ந்தது.

ஏன்? இந்த ஒரு கேள்வியைத்தான் ஐந்து வருடமாகச் சவைத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய சிரிப்பு கேலியாகப் பட்டதா? கோபம் தொடங்கியபின் அதை நிறுத்த எனக்கு மனமில்லையா? அடிக்கக் கூடிய ஓர் ஆள் கிடைத்துவிட்டான், இவன் திருப்பி அடிக்கமாட்டான் என்று உள்ளே ஏதோ ஒன்று கணித்துவிட்டதா? கடைசியில் சொன்னதுதான் உண்மை என்று நினைக்கிறேன். விடுதியில் மூக்கை உடைத்தபோது எனக்குப் பயம் இருந்தது. இங்கே இல்லை.

இரண்டாவது அடி இடது காதுக்கு மேலே விழுந்தது. பச்சை மூங்கில் பிளப்பது போல ஒரு சத்தம். மூன்றாவது, சரிந்துகொண்டிருந்தவர் மேல் விழுந்தது.

ரத்தம் பெட்டியின் வெள்ளைப் பூச்சில் தெறித்து வழிந்தது. அவர் உடம்பு வில்லாக வளைந்து துடித்தது. குதிகால்கள் மண்ணைத் தோண்டின. ஒரு கை மட்டும் பெட்டியை விட்டு விலகாமல், அதன் விளிம்பைப் பிடித்தபடி இருந்தது. அதை நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். அவரைக் காப்பாற்றவா எடுத்தேன்? இல்லை... பெட்டி சரிந்துவிடக் கூடாதென்று எடுத்தேன்.

பிறகு மேலே பார்த்தேன். மரத்தில் பரசூட் தொங்கியது. ஒரு கொப்பு முறிந்து கிடந்தது. பொய் எனக்காக அங்கே ஆயத்தமாக இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

குழாயைப் பக்கத்திலிருந்த பன்னைச் செடியின் இலையால் துடைத்தேன். கீழே இறங்கிப்போய் அன்டெனாவின் தலைப்பகுதியை எடுத்து அதில் மீண்டும் பொருத்தினேன். மூச்சிரைக்க வந்த துஷாரியிடம், பெட்டி மரத்தில் சிக்கியிருந்தது, கொப்பு முறிந்ததில் பெட்டி இவர் தலையில் விழுந்துவிட்டது என்றேன். பொலிஸாரிடம் சிங்களத்தில் அதையே சொன்னேன். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். வேனுக்கு ஓடிவந்த அக்காவிடம் தமிழில் சொன்னேன். மூன்று மொழியிலும் என் குரல் தடுமாறவில்லை.

மச்சான் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறியது. அடிக்கடி வலிப்பு வந்தது. நான் ரொட்டிக் கல்லைக் காட்டிப் பேசியது அவருக்கு நினைவிருக்கிறது. அந்த நாள் மட்டும் துடைத்துப் போட்டதுபோல் இல்லை.

வைத்தியர் அதைச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! வைத்தியசாலையின் கழிப்பறையில் நின்று, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

ஆனால் நான் பரப்பிய பொய் அங்கே நிற்கவில்லை. காமன் நாட்களில், காப்புக் கட்டிய ஆளின் தலையில், காமன் பெட்டி விழுந்திருக்கிறது. தோட்டம் வேறு என்ன நினைக்கும்? காமன் குத்தம். காப்பைக் கெடுத்திருக்கிறான். கூத்தை நடத்தும் மாஸ்டர் வைத்தியசாலைக்கு வந்து, நினைவில்லாமல் கிடந்தவரின் மணிக்கட்டிலிருந்து காப்பை அவிழ்த்துக்கொண்டு போனார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். வேறொருவன் வீரபத்திரன் ஆடினான்.

காப்பை எப்படிக் கெடுத்திருப்பார்? அவர் குடிப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மாமிசமும் தொடவில்லை. ஆகவே விரல்கள் அக்காவை நோக்கித் திரும்பின. நாற்பத்தைந்து வயதில், புருஷனைக் காப்பு நாளில் விட்டுவைக்காதவள் என்று பெயர் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அதை முகத்துக்கு நேரே கேட்டாள்.

“ரெண்டு வாரம் பொறுக்க முடியலயாடி ஒனக்கு?”

அக்கா நிறைந்த வாளியைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தாள். இரண்டு பற்கள் போயின. அவளுடைய மகன்கள் அக்காவை முடியைப் பிடித்து லயத்து வாசல்வரை இழுத்தார்கள். ஒரு பிடி முடி தோலோடு வந்துவிட்டது. அதை அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை.

“நீயாவது நம்புறியா தம்பி? நாங்க அப்புடிச் செய்யல.”

“நம்புறேன்க்கா,” என்றேன்.

நம்புகிறேனாம்! அவர் மண்டை உடைந்தது காமன் குத்தத்தால் இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாக அறிந்த ஒரே ஆள் நான்.

இனி இரண்டாவது குற்றத்தைச் சொல்கிறேன்.

பெட்டியில், அது எப்படிச் சாய்கிறது, எப்படிச் சுழல்கிறது என்று ஒவ்வொரு வினாடியும் பதியும் ஒரு சின்ன உணரி இருந்தது. மோட்டார் இறங்கும்போதே உடைந்துவிட்டது. ஆனால் மின்கலம் சாகவில்லை. உணரியின் பதிவும் படிகங்களின் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன.

ஒரு வாரம் கழித்து அந்தக் கோப்பைத் தனியே திறந்தேன். பதினொன்றே முக்காலுக்குப் பெட்டி மரத்தில் சிக்கி ஆடியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு யாரோ ஏறியிருக்கிறார். மிக மெதுவாக, ஓர் இடத்திலும் முட்டாமல், அது கீழே இறங்கியிருக்கிறது. முதுகில் கட்டி இறக்கியிருக்க வேண்டும். தரையில் ஐந்து நிமிடம் அசைவில்லை. அது சுற்றவில்லை என்பதை அவர் கவனித்த ஐந்து நிமிடம் அதுதான். அதன் பிறகு சுழற்சி தொடங்குகிறது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அறுபது எண்ணி எண்ணி... இரண்டு, மூன்று வினாடிக்கு மேல் பிசகவில்லை. எனக்குச் சொல்லியனுப்பத்தான் நினைத்திருப்பார். ஆனால் போனால் பெட்டி நின்றுவிடுமே! ஓரிடத்தில் மட்டும் நான்கு நிமிடம் நிற்கிறது. சிறுநீர் கழிக்கப் போயிருப்பார். திரும்பி வந்ததும் நான்கு சுற்றுகளை வேகமாகச் சுற்றியிருக்கிறார், விட்டதை ஈடுகட்ட.

அந்த நான்கு சுற்றைப் பார்த்தபோது மேசையில் தலையை மோதிக்கொண்டேன். மோதிவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

நூற்று எழுபது முழுச் சுற்றுகள். நூற்று எழுபத்தொன்றாவது பாதியில் நிற்கிறது. ஓர் உதறல். பத்து வினாடி அமைதி. மீண்டும் ஓர் உதறல், இன்னொன்று. அந்தப் பத்து வினாடியில்தான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கட்டுரை எழுதினோம். கருந்துளையை அளந்துவிட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கருவி பொய் சொல்லாது என்றுதான் சொன்னோம். கட்டுரையைச் சோதித்தவர்கள், கருவியைத் தரையில் பல மணிநேரம் சுழற்றி, சாய்வில்லை என்று காட்டுங்கள் என்று கேட்டார்கள். மோட்டாரும் இல்லை, பெட்டியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததில் பாதிப் படிகங்களும் சேதம். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மச்சான் கையால் சுழற்றிய மூன்று மணிநேரம். போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயாத, அப்பழுக்கில்லாத ஒரு நேர்கோடு வந்தது.

அதைப் பயன்படுத்தினேன். ஆய்வுகூடத்தில் நூற்று எழுபது சுற்றுகள் சுழற்றிப் பெற்ற அளவு என்று எழுதினேன். கடைசிப் பாதிச் சுற்றை வெட்டி எறிந்தேன். எந்த நாள் அதைச் செய்தீர்கள் என்று துஷாரி கேட்டாள். நீ விடுமுறையில் இருந்தாயே, அப்போது என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள்.

கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டுக் குழுவில் இடம் கிடைத்தது. மண்டையை உடைத்தது மட்டுமல்லாமல், அந்த மனிதனின் உழைப்பையும் திருடி என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சிறைக்குப் பயந்தா? ஆமாம். வேலைக்குப் பயந்தா? ஆமாம். அக்காவுக்கு இருக்கும் ஒரே தம்பியும் இல்லாமல் போய்விடுவானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் உண்டு. அதை நம்பாதீர்கள். அது நான் அழகாகத் தைத்து வைத்திருக்கும் சட்டை.

மறு வருடம் மாசியில் அங்கே போயிருந்தேன். பகல் பொழுதில், காமன் ஊன்றிய பொட்டலில் தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். லயத்துக்குள் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, அதே தலையை, தையல் போட்ட அதே இடத்தை, சுவரில் மோதினார். மீண்டும் மோதினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மோதல்.

“என்ன குத்தம் செஞ்சேன் சாமி... சொல்லிரு சாமி...”

சுண்ணாம்புச் சுவரில் சிவப்பாக அப்பியது. பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தது நான்தான். வீரபத்திரனைப் பிடிக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள். அன்று நான் ஒருவனே போதுமாக இருந்தேன். என் காதுக்குப் பக்கத்தில் அவர் குழறினார். “தெய்வானையும் இல்லங்குறா. எனக்குத்தான் ஞாபகமில்ல தம்பி. நான் ஏதும் செஞ்சிட்டேனோ?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். அவருடைய காது என் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருந்தது.

சொல்லவில்லை.

இந்த மாசியிலும் போனேன். அக்கா ரொட்டி சுட்டாள். மச்சானுக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் உண்ணவில்லை. நல்ல கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து, மெதுவாகத் திருப்பத் தொடங்கினார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

“எதக் குடுத்தாலும் இப்புடித்தான் சுத்துறாரு தம்பி,” என்றாள் அக்கா. “தட்டு, கோப்ப, எதுன்னாலும். ஏன்னு கேட்டா அவருக்கே தெரியல.”

அவருடைய நினைவு மறந்ததை அந்தக் கை மறக்கவில்லை. எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கினார்.

“தம்பி... அந்தப் பெட்டி... அன்னைக்கி நல்லா சுத்துச்சுங்களா?”

“சுத்துச்சு மச்சான். நிக்கவே இல்ல.”

அவர் முகத்தில் அந்தப் பழைய மலர்ச்சி வந்தது, மரத்தடியில் நான் கண்டது. நெடுநேரம் தட்டைத் திருப்பியபடி யோசித்தார். பிறகு, கணக்குக்கு விடை கண்டவர்போல, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அப்ப பெட்டி மேல குத்தமில்ல. நீங்க அன்னைக்கே சொன்னீங்கல்ல... கல்லு மேல குத்தமில்லன்னா மாவு மேலதான். அப்ப குத்தம் என் மேலதாங்க தம்பி.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

நான் திரும்பவும் உட்கார்ந்தேன். எனக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்று முடித்தேன்.